செருப்புத் தவளை

ஞாயிறு. கரண்ட் பில் எழுதாத நாள்.
மல்லாவிச் சந்தியில் ஒரு பிளேன்ரீ,
பிறகு பற்றைக்குள்ளால் மோட்டார்சைக்கிளை உருட்டினால்
மருதன்குளம்.
சின்னக்குளம்தான். அலைகரையெல்லாம் தாமரை,
துருசடியில் மட்டும் ஆழம்,
நடுவில் பட்டுப்போன மரங்களில்
செட்டை விரித்துக் காயும் நீர்க்காகங்கள்.

நான் வந்தது விராலுக்கு.
உயிர்த்தவளையை ஊசியில் கொளுவ
எனக்குக் கை வராது.
ஆகவே பழைய பாட்டாவில்
தேயாத இடமாய்ப் பார்த்து பிளேட்டால் வெட்டி,
சைக்கிள் கம்பியைச் சுடவைத்துத் துளையிட்டு,
ரியூப் கீலத்தில் பின்னங்கால் வைத்த
தவளை.

முதற்செய்தது மல்லாந்து மிதந்தது.
அடுத்தது வெறிகாரனைப்போல் ஒருபக்கம் சரிந்தது.
ஈயம் வைத்தேன், மூழ்கியது.
ஈயத்தைப் பல்லால் கடித்துப் பாதியைத் துப்பினேன்,
நீந்தியது!
சமையலறை வாளிக்குள் அது நீந்துவதை
இரவு பதினொரு மணிவரை
பார்த்துக்கொண்டிருந்தேன்.

குளத்துக்கு வாளியின் நியாயம் தெரியாது.
முதல் எறிக்குத் தாமரைத்தண்டு.
பிறகொரு திலாப்பியா, வாயில் அல்ல,
முதுகுச் செட்டையில் கொளுவுண்டு
பக்கவாட்டில் இழுபட்டு வந்தது.
சீனத்து ரீல் கறகறத்தது; கழற்றித்
தையல்மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன்.
அதன்பின் பாலாமை.
செருப்பைக் கவ்வியபடி கரையேறி,
கூடின பில்லைக் கண்ட வீட்டுக்காரர்போல
என்னை ஒருமுறை பார்த்து
விட்டுவிட்டுப் போனது.

வெயில் ஏறியபின்
உயிரில்லாத ஒரு பாரம்.
பாசியோடு சுற்றுண்டு வந்தது
யாரோ ஒருவரின் பச்சைத் தங்கூசி.
அதன் நுனியில் ஒரு தவளை.

இதுவும் செருப்புத்தான். நீலம். பெண்கள் போடுவது.
தலைமயிர் கட்டும் இலாஸ்டிக்கில் கால்கள்,
சிவப்பு நகப்பூச்சில் இரண்டு கண்,
நான் எங்கும் கண்டிராத முடிச்சு,
ஏழு சுற்றுச் சுற்றித் தனக்குள்ளேயே தலைநுழைத்தது.
உடம்பெல்லாம் பல்லடையாளம்.
என் தவளையைத் திருப்பிப் பார்த்தேன்.
அதில் ஆமை மட்டும்தான் கடித்திருந்தது.

செய்யக்கூடாததைச் செய்தேன்.
முடிச்சுக்கு மேலே ஒரு சாண் விட்டு நறுக்கி
என் நூலோடு பொருத்தி எறிந்தேன்.
தாமரையிலை மேல் விழுந்து, வழுக்கி,
தண்ணீரைத் தொட்டதும்
குளம் வாயைத் திறந்தது.
ஒரு தரம் தலை தெரிந்தது, கறுப்பு,
என் முழங்கால் மொத்தம்.
தடி வளைந்தது,
பிறகு தடி நிமிர்ந்துகொண்டது.

இழுத்துப் பார்த்தால் நூல் அறவில்லை.
நுனி பன்றிவாலாய்ச் சுருண்டிருந்தது.
அறுந்தால் விதி என்று சொல்லலாம்.
இது கழன்றது.
என் முடிச்சு.

திங்களிலிருந்து
மீற்றரைப் பார்க்கமுன் வாசற்படியைப் பார்த்தேன்.
இந்தப் பகுதியில் எந்த நாய் கடிக்கும்,
எவர் வீட்டில் பிரிட்ஜ் புதிது, எல்லாம் தெரியும்;
செருப்புகளை இப்போதுதான் வாசிக்கிறேன்.
வியாழன், பாலிநகர், நாற்பத்தோராம் வீடு.
பில்லில் பெயர் அ. புனிதமலர்.
மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தா.
காலில் நீலச் செருப்பு, இடதில் குதி இல்லை,
நடக்கையில் ஒரு பக்கம் தாழ்ந்தது.

“என்ன பாக்கிறியள்? பில் கூடவோ?”

“அந்த முடிச்சு... எப்பிடிப் போடுறது?”

கொஞ்சநேரம் பேசாமல் நின்றா.
“கொண்டுபோனது பெரிசோ?”
கையை விரித்துக் காட்டினேன்.
“அவன்தான்” என்றா.
கையை உதறிவிட்டு
என் புத்தகத்தோடு பேனையைக் கட்டியிருந்த நூலை
அவிழ்த்தெடுத்து
மெதுவாய்ச் சுற்றத் தொடங்கினா.
“இறுக்கமுன் எச்சில் தொட்டுக்கொள்ளுங்கோ.
இல்லையெண்டா தங்கூசி சூட்டில கருகிப்போம்.”

சந்திவரை வந்தபிறகுதான்
மீற்றரைப் பார்க்கவேயில்லை என்று
ஞாபகம் வந்து
திரும்பிப் போனேன்.